பூமி பூஜைக்கு நல்ல நாள்

சித்திரை வெயிலில் காய்ந்து வெடித்துக் கிடந்த ஏரியை மேலிருந்து பார்த்துவிட்டு, பெருநகர வளர்ச்சித் திட்டத்தில் அதைக் காலி மனை என்று சேர்த்துவிட்டது பருந்து. கருத்துக் கேட்க இறங்கி வந்தபோதுதான், சேற்று வெடிப்புக்குள் ஓர் ஊராட்சியே குடியிருப்பது அதற்குத் தெரிந்தது.

"எதிர்த்துத் தீர்மானம் போடுவோம்!" என்று குதித்தன உறுப்பினர் தவளைகள். தலைவி குண்டம்மா மனசுக்குள் கணக்குப் போட்டாள். எதிர்த்தால் பருந்து கொத்திவிடும். தலையாட்டினால் ஊரே போய்விடும். பருந்தின் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள்.

"எங்களுக்கு ஆட்சேபணை இல்லீங்க ஐயா. பூமி பூஜைக்கு நாள் மட்டும் நாங்க குறிச்சுத் தர்றோம்."

"அவ்வளவுதானே? தாராளமா!" என்றது பருந்து.

குண்டம்மா ஐப்பசியில் நாள் குறித்தாள்.

அடைமழை சற்றே விட்டிருந்த அன்று, செங்கல்லைக் காலில் இடுக்கிக்கொண்டு பரிவாரத்தோடு வந்தது பருந்து. சுற்றிச் சுற்றிப் பறந்தும் இறங்க ஒரு சாண் தரை கிடைக்கவில்லை.

"மனை எங்கே?" என்று மேலிருந்தே கத்தியது.

கரை தளும்பும் தண்ணீரிலிருந்து தலையை நீட்டினாள் குண்டம்மா.

"வாங்க ஐயா! மனை அப்படியேதான் இருக்கு. ஒரு முங்கு போட்டீங்கன்னா தெரியும்."