ஆசி இல்லை

வாசிப்புக் கூட்டம் முடிந்து நூலகத்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருக்கிறேன். பிஸ்திரிட்சா ஆற்றுப் பக்கத்து ஜன்னலில் நவம்பர் வெளிச்சம் அழுக்காக நிற்கிறது. மேசையருகே ஸ்மாரண்டா; எதிரே அவள் எழுதிய புத்தகம், தொடாமலே ஆறிப்போன லிண்டன் பூத் தேநீர். ‘தந்தை’ என்று எல்லோரும் அழைத்த ஒருவரின் சபையில் இளமையைத் தொலைத்துவிட்டுத் தப்பி வந்தவள் அவள். அங்கே அனுமதி என்ற சொல் கிடையாது, ஆசிதான். தண்ணீர் குடிக்க ஆசி, அம்மாவோடு போனில் பேச ஆசி, அழவும் ஆசி. அதைத்தான் எழுதுகிறாள், ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறாள். எல்லோரும் போன பிறகும் கடைசி வரிசையில் ஒருத்தி, தலைத்துணியைத் தாடைக்குக் கீழே இறுக முடிந்துகொண்டு, கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறாள். எழுந்து ஸ்மாரண்டாவிடம் வந்து, துடோரா என்று பெயர் சொல்கிறாள். வெளியே கார் ஹாரன் அடிக்கிறது; அவள் தோள் அதிர்கிறது. “என் வீட்டுக்காரர். மருந்துக்கடைக்குன்னு சொல்லிட்டு வந்தேன். நானும் அதே சபைதான் அக்கா. உங்க புத்தகத்த மாட்டுக் கொட்டாயில ஒளிச்சு வச்சுப் படிச்சேன். இனிமே அங்க திரும்பிப் போக முடியாது.” சட்டென்று குனிந்து, இடது உள்ளங்கைமேல் வலது உள்ளங்கையை வைத்து ஏந்துகிறாள். “நீங்க ஆசி குடுங்க. இப்பவே எல்லாத்தையும் விட்டுட்டு வந்துடுறேன்.” ஸ்மாரண்டாவின் முகம் வெளிறுகிறது. கொடுத்தால் இவளும் இன்னொரு தந்தை. மறுபடி ஹாரன். “ஆசியெல்லாம் இல்லம்மா...” என்று ஆரம்பிக்கிறாள். ஏந்திய கைகள் மெல்லக் கீழே இறங்குகின்றன. “சரிங்க அக்கா” என்று பழகிய பணிவோடு சொல்லிவிட்டு, துடோரா விறுவிறுவெனப் படியிறங்கிப் போகிறாள். “யாரோட ஆசியும் உனக்கு வேண்டாம்னுதாம்மா சொல்ல வந்தேன்!” என்று கத்திக்கொண்டே ஸ்மாரண்டா படிக்கட்டுவரை ஓடுகிறாள். கீழே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்கிறது.