கடைசி எட்டு வரி

தட்டச்சுப் பள்ளி மொட்டை மாடியில் பதினாலு ஆண்களுக்கு நடுவே, கதையின் கடைசி இரண்டு வரியை அப்பாதுரை படித்து நிறுத்தினார்.

'முதல் உருண்டையை அவன் வாய்க்குக் கொண்டுபோனான். உப்பு சரியா இருக்கா, பார்த்துச் சொல்லுங்க என்றாள் அவள்.'

அவ்வளவுதான் கதை. குழம்பில் அவள் என்ன கலந்தாள் என்பது முந்தின பக்கத்திலேயே வந்துவிட்டது. அவன் சாப்பிட்டானா இல்லையா என்பதுதான் எங்கும் இல்லை.

டீ கேனுக்குப் பக்கத்தில் நின்றிருந்த ரேணுகாம்பாள் கேன் மூடியை இன்னொரு தரம் அழுத்தி மூடினாள்.

கதையை எழுதியவர் அவள் புருஷன், தமிழாசிரியர் இராமலிங்கம். ஸ்டென்சில் தாளில் தட்டச்சு செய்து பிரதி எடுத்தவள் அவள். அவர் எழுதிய முடிவில் மனைவி சோற்றுத் தட்டைத் தட்டிவிட்டு, புருஷன் காலில் விழுந்து அழுவாள். அவன் பெருந்தன்மையாக மன்னிப்பான். மொத்தம் எட்டு வரி. அந்த இடம் வந்தபோது அவள் விரல் நகர மறுத்தது. எட்டையும் விட்டுவிட்டு, தானாக இரண்டு வரி சேர்த்தாள்.

அவள் தட்டச்சு செய்ததை அவர் ஒருநாளும் படித்துப் பார்த்ததில்லை. கல்யாணத்துக்கு முன்பே தமிழ்த் தட்டச்சில் ஹையர் பாஸ் பண்ணியவள் என்றாலும், அவருக்கு அவள் இன்னொரு மெஷின். மெஷின் சொந்தமாக ஒன்று சொல்லும் என்று யார் நினைப்பார்கள்?

இப்போது அவர் கடைசித் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேச முடியாது. வாசகர் வட்டத்தில் கதை பேர் போடாமல்தான் வரும். எல்லாரும் அலசி முடிக்கிறவரை எழுதியவர் மூச்சுக் காட்டக் கூடாது. எழுபத்தெட்டில் வட்டம் ஆரம்பித்தபோது அவரே போட்ட விதி. வீட்டில் ஓயாத வாய் இங்கே பூட்டிக் கிடந்ததைப் பார்க்க அவளுக்குச் சிரிப்பாகக்கூட வந்தது.

பயமும் இருந்தது. வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும் என்று தெரியும். தெரிந்துதான் செய்தாள்.

அப்பாதுரை தபாலாபீஸ்காரர். ஒட்டின கவரைக் கையில் கொடுத்துவிட்டுப் போன மாதிரி இருக்கிறது, சஸ்பென்ஸ் என்றால் இதுதான் என்றார். கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்த ஒரு வாத்தியாருக்குப் பாத்திரப் படைப்பு பிடிக்கவில்லை. இவ்வளவு நிதானமாக உப்புப் பார்க்கச் சொல்கிற பொம்பளை நம் பக்கத்தில் கிடையாது, அவள் அழுதிருக்க வேண்டும், காலில் விழுந்திருக்க வேண்டும் என்றார். முடிவை மாற்றினால்தான் வட்டத்தின் ஆண்டு மலரில் போடலாம் என்றும் சொன்னார்.

இராமலிங்கம் வேகமாகத் தலையாட்டினார்.

ரேணுகாம்பாள் டம்ளர்களைத் தட்டில் அடுக்கினாள், கொஞ்சம் சத்தமாகவே.

"அழமாட்டாங்க" என்றார் தேரடி வீதியில் கடிகாரக் கடை வைத்திருக்கும் நசீர் அகமது. இரண்டாம் பக்கத்தைப் புரட்டினார். "உப்பு கம்மினு சுடுகரண்டிய மணிக்கட்டுல வச்சு அழுத்துறான். தழும்பு பாதி வளையல் மாதிரி இருக்குதுனு எழுதியிருக்காரு. இது யோசிச்சு எழுதுனது இல்லீங்க, பார்த்து எழுதுனது. கதையே அந்தத் தழும்புதான். முடிவ மாத்தாதீங்க."

ரேணுகாம்பாள் முந்தானையை மணிக்கட்டு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

தழும்பு அவர் எழுதியதுதான். அந்த இடத்தில் அவள் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை.

இன்னும் எதற்கு மூடவேண்டும் என்று தோன்றியது. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

நசீர் சொன்னதற்கே கை அதிகம் உயர்ந்தது. எழுதியவர் எழுந்திருக்கலாம் என்றார் அப்பாதுரை.

இராமலிங்கம் எழுந்தார். இந்த முடிவு என்னுடையது இல்லை என்றால், பின்னே யாருடையது என்று கேட்பார்கள். வட்டத்தின் கதைகளை எல்லாம் தட்டச்சு செய்கிறவள் அவள்தான், அத்தனை கண்ணும் டீ கேன் பக்கம் திரும்பும். அவள் கையில் போய் நிற்கும். அவர் விவரமான ஆள்.

"முழுசும் நான் எழுதினதுதான்" என்றார்.

கைதட்டினார்கள். மலரில் இப்படியே போடுவதென்று அங்கேயே முடிவானது.

அவள் வரிசையாக டீ கொடுத்துக்கொண்டு வந்தாள். நசீர் அகமது டம்ளரை வாங்கும்போது அவள் மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு இராமலிங்கத்தைப் பார்த்தார்.

இராமலிங்கத்துக்கு எப்போதும் தனி டம்ளர்தான். சர்க்கரை கம்மியாகப் போட்டு, அவள் கையால் ஆற்றிக் கொடுப்பது.

"சர்க்கரை சரியா இருக்கா, பார்த்துச் சொல்லுங்க" என்றாள்.

வாய் வரைக்கும் போன டம்ளர் நின்றது. ஆவி அவர் மூக்குக் கண்ணாடியில் படிந்தது. துடைக்கவில்லை. டம்ளரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடியும் டம்ளரைப் பார்த்தார்.

அதில் டீயும் பாலும் சர்க்கரையும்தான் இருந்தன. அவளுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. பத்து வருஷம் அவள் பயந்து பயந்து பரிமாறியாகிவிட்டது, இனி அவர் பயந்து பயந்து சாப்பிடட்டும்.

அவர் விரல்களிலிருந்து டம்ளரை வாங்கினாள். அத்தனை பேர் முன்னால் நின்றபடியே கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். காலி டம்ளரைத் தட்டில் கவிழ்த்தாள்.

மலைப் பக்கம் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.