கைக்கு எட்டும் காற்று

"ரெகுலேட்டரை எங்க மாட்டணும்க்கா?" ஸ்டூலில் நின்று ஃபேனை முடுக்கிக்கொண்டே கேட்டான் எலெக்ட்ரீஷியன் ஜான் பாஷா.

"தறியில உக்காந்தா கைக்கு எட்டணும்பா," என்றாள் வேதவல்லி.

பிறந்த வீட்டுச் சீராக வந்த ஃபேன். காற்று பட்டால் பட்டு இழை அறுந்துபோகும் என்று புருஷன் தணிகாசலம் ஒத்தைக்காலில் நின்றதால் இத்தனை வருஷம் பரணில் கிடந்தது. அவரும் வேர்த்துக் கொட்டியபடியேதான் நெய்தார்.

"ஒண்ணுலயே வெச்சுக்கோங்க. இழை அறுந்தா அண்ணன் என்னைத்தான் திட்டுவாரு," என்றான் ஜான் பாஷா, ரெகுலேட்டரை மாட்டி முடித்து.

வேதவல்லி ஐந்துக்குத் திருப்பினாள். தறியில் விரித்திருந்த பாவு நூல் லேசாக அசைந்தது. ஓர் இழைகூட அறுபடவில்லை.

"அட! அண்ணனைக் கூப்புடுங்க, வந்து பாக்கட்டும்."

"நேத்துதான் கருமாதி முடிஞ்சுதுப்பா."

பாதி நெய்த சேலைக்கு முன்னால், தறிக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்தாள். காற்று நன்றாகத்தான் வந்தது.