வாசல் வரை சொல்லாதே

"சித்தப்பா, அந்த போனை இப்படிக் குடுங்க. இந்தப் பொட்டல்ல சிக்னல் தேடித் தேடியே அது செத்துடும்."

சொன்ன பிறகுதான் குவனிஷ் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

துர்சின்காலி மறுபேச்சு இல்லாமல் போனை எடுத்துக் கொடுத்தார். "உன்னுது?"

"அதையும் அணைச்சு வச்சுட்டேன்."

"நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சின்ன மாட்டிஸ் கார். பின்னால் அதைவிடப் பெரிய டிரெய்லர். கம்பளங்கள், மெத்தைகள், தகரப் பெட்டி, தையல் மிஷின் என்று ஒரு குடித்தனமே கயிற்றுக்குள் ஆடிக்கொண்டு வந்தது. உஸ்பெகிஸ்தானில் இருந்த வீட்டை விற்றுவிட்டுக் கஜகஸ்தானுக்கே குடிபோகிறான் குவனிஷ். மனைவி ரௌஷான் முன்னாலேயே பெய்னெவுக்குப் போய், சித்தப்பாவின் மகன் எர்மெக் வீட்டில் தங்கியிருக்கிறாள். அங்கே பள்ளிக்கூடச் சமையலறையில் அவளுக்கு வேலையும் கிடைத்துவிட்டது. சந்தோஷமாகப் போயிருக்க வேண்டிய பயணம்.

காலையில் சாமான் கட்டிக்கொண்டிருந்தபோது சித்தி அவனைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டுச் சொன்னாள். நேற்று சாயங்காலம் லாரி மோதி எர்மெக் போய்விட்டானாம்.

"உங்க சித்தப்பாவுக்குத் தெரியாது. மகனைப் பார்த்து நாளாச்சு, நானும் வரேன்னு உன்னோட கிளம்பறாரு. வாசல் வரைக்கும் சொல்லாம கூட்டிட்டுப் போயிடு. வழியில யாராவது கூப்பிட்டு உளறிடுவாங்க, ரெண்டு போனையும் அணைச்சு வை. நான் சொந்தக்காரங்களோட ரயில்ல வந்துடறேன்."

"ரௌஷான்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை பேசிடறேனே?"

"சாவு வீட்டுல அவளுக்கு எங்கப்பா நேரம்?" என்றவள், தலைத்துணியை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

பெற்றவர்களுக்கும் கட்டியவர்களுக்கும் சாவைப் போனில் சொல்லும் வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. ஏதாவது சாக்குச் சொல்லி ஆளைக் கொண்டுவந்து சேர்த்து, பெரியவர்கள் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொல்வார்கள்.

அதனால் குவனிஷ் பேசிக்கொண்டே வந்தான். பேச்சு நின்றால் பெரியவர் மகனைப் பற்றி ஏதாவது கேட்டுவிடுவாரே என்று பயம். எர்மெக்கின் பெயரைத் தொடாமல் பேசுவதற்கு அவனிடம் ஒரே விஷயம்தான் இருந்தது.

"ரௌஷான் இருக்காளே, டீக் கிண்ணத்துல ஒரு கீறல் விழுந்திருந்தாலும் என்னை வீட்டுக்குள்ள விடமாட்டா."

"நல்ல பொண்ணுப்பா."

"யாரு, அவளா? சரியான சிடுமூஞ்சி சித்தப்பா. அந்தத் தையல் மிஷினை வித்துடலாமான்னு கேட்டேன். என்னை வேணா வித்துக்கோ, மிஷினைத் தொடாதேங்கறா. வாங்கறவனுக்கு யாரு பதில் சொல்றது?"

துர்சின்காலி சிரிக்கவில்லை. குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பாவம், பெற்ற மனசுக்கு ஏதோ தட்டுப்பட்டிருக்கிறது என்று குவனிஷ் நினைத்துக்கொண்டான்.

சித்தி கட்டிக் கொடுத்திருந்த பவுர்சாக் பொட்டலத்தை அவர் பிரித்து நீட்டினார். பொரித்த மாவின் வாசனை கார் முழுக்கப் பரவியது.

"வயித்துக்குப் போட்டுக்கோ. அங்க போனா சாப்பிடத் தோணாது."

"நீங்க சாப்பிடலையா?"

"எனக்கு இறங்காது. நீ சாப்பிடு."

எல்லையில் சுங்க அதிகாரி டிரெய்லரைச் சுற்றி வந்து ஒரு முடிச்சை அவிழ்த்தான். "எல்லாத்தையும் கீழே இறக்கு" என்றான்.

இறக்கி ஏற்றுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அதற்குள் அங்கே அடக்கம் முடிந்து, பெற்றவர் மகன் முகத்தைக்கூடப் பார்க்க முடியாமல் போய்விட்டால்? குவனிஷுக்குப் பதறியது. அதிகாரியைத் தனியே கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று நினைப்பதற்குள், சித்தப்பாவே போய் அவன் காதில் ஏதோ சொன்னார்.

அதிகாரி குவனிஷை ஒருமுறை பார்த்தான். பிறகு அவிழ்த்த கயிற்றைத் தானே இழுத்துக் கட்டினான். "மெதுவாப் போங்கண்ணே" என்றான்.

"அவன்கிட்ட என்ன சொன்னீங்க சித்தப்பா?"

"கிழவனுக்கு இடுப்பு வலின்னு சொன்னேன். நீ ரோட்டைப் பாரு."

பெய்னெவில் எர்மெக் வீட்டு வாசலில் ஆண்கள் வரிசையாக, தடியை ஊன்றிக்கொண்டு தலைகுனிந்து நின்றார்கள். அப்படி நின்றால் அது சாவு வீடு என்று எங்கள் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

குவனிஷ் காரை நிறுத்திவிட்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்து சித்தப்பாவின் கையைப் பிடித்தான். இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த கண்ணீர் அவனுக்கு முட்டிக்கொண்டு வந்தது.

"சித்தப்பா, மனசைக் கல்லாக்கிக்குங்க. நான் இருக்கேன் உங்களுக்கு."

அவர் இறங்கினார். அவன் பிடித்த கையை விடாமல், மறுகையால் அவன் தோளைச் சேர்த்து அணைத்துக்கொண்டார்.

வரிசையை விலக்கிக்கொண்டு எர்மெக் ஓடிவந்தான். அப்பாவை ஏறிட்டும் பார்க்காமல் குவனிஷைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதான்.

"லாரி மோதினது ரௌஷான் மேலப்பா" என்றார் சித்தப்பா. "தெரிஞ்சிருந்தா உன்னால இவ்வளவு தூரம் ஓட்டிட்டு வர முடியாது. உன் போனை உன் கையாலேயே அணைக்க வைக்கணும்னுதான், என் புள்ளை செத்துட்டான்னு உன்கிட்ட சொல்லச் சொன்னேன்."