தோளில் ஒரு கை

சௌம்யாவின் மவுஸ் அந்தக் கையின்மேல் வந்து நின்றுவிட்டது.

திரையில் அவளுடைய அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். கட்டம் போட்ட சட்டை, படிய வாரிய தலை. பருத்திப்பட்டு ஏரிப் பூங்காவில் குடும்பமாக நின்று எடுத்த படம் அது. அதிலிருந்து தம்பி, சித்தி, பின்னால் நின்ற ஐஸ்கிரீம் வண்டி எல்லாவற்றையும் எடுத்துவிட்டாள்.

அப்பாவின் தோளில் பதிந்திருந்த ஒரு பெண்ணின் கை மட்டும் பாக்கி.

மணிக்கட்டோடு நின்றுபோன அந்தக் கை, ஆள் இல்லாமல் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தது. பச்சைக் கண்ணாடி வளையல்கள் போட்ட கை.

"இன்னா சௌம்யா, உங்கப்பா வார்டு எலெக்சன்ல நிக்கிறாரா? மூஞ்ச இப்டி பளபளன்னு ஆக்கிகினு கீற?" என்றான் பக்கத்துக் கணினியில் இருந்த வினோத்.

"மூடிகினு உன் வேலயப் பாருடா."

மேசைகளுக்கு நடுவே நடந்து வந்த ரெனிதா மிஸ் இருவரையும் ஒரு பார்வை பார்த்தாள். சத்தம் அடங்கியது.

பதினோராம் வகுப்பின் கிராஃபிக் டிசைன் பாடத்துக்கு ரெனிதா வைத்திருந்த விதிகள், அவளே வடிவமைத்த வண்ணத் தாளாகச் சுவரில் ஒட்டியிருந்தன. சொந்தப் படம்தான் பயன்படுத்த வேண்டும். வெளி வேலையை இங்கே கொண்டுவரக் கூடாது. படம் முழுதாகச் சரியான பிறகுதான் எழுத்து. அடுத்தவர் மவுஸை யாரும் தொடக் கூடாது, மிஸ் உட்பட.

இன்று வாழ்த்து பேனரை ஒப்படைக்கும் நாள். வீட்டில் உள்ள யாராவது ஒருவரை வாழ்த்தி ஒரு பேனர். மணி அடிப்பதற்குள் கொடுக்காவிட்டால் சௌம்யாவுக்கு இந்தப் பாடம் கிடையாது. வேறு பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். இந்த மாதம் அவள் பள்ளிக்கு வந்ததே குறைவு. கேட்டால், "வீட்ல வேல மிஸ்" என்பாள். அவளுக்காகத் தலைமையாசிரியையிடம் கெஞ்சி இந்த ஒரு வாய்ப்பை வாங்கிக் கொடுத்ததே ரெனிதாதான்.

சௌம்யாவோ இன்னும் ஓர் எழுத்துகூட அடிக்கவில்லை. கையிலேயே நிற்கிறாள்.

"அது யாரு கைம்மா?"

"அம்மாது மிஸ்."

"அப்ப விட்டுடேன். வாழ்த்து பேனர்ல அம்மா கை இருந்தா அழகாத்தானே இருக்கும்?"

"இல்ல மிஸ். எடுக்கணும்."

சொன்னாளே தவிர, விரல் அசையவில்லை.

சுற்றி நிற்பவர்களை வெட்டி எடுப்பது சுலபம்; சட்டைமேல் இருக்கும் கையை அழிப்பது, அவள் வகுப்புக்கு வராத நாட்களில் நடத்திய பாடம். பாவம், எப்படி எடுப்பதென்று தெரியாமல் கூச்சப்படுகிறாள் என்று ரெனிதா நினைத்துக்கொண்டாள். கடிகாரத்தைப் பார்த்தாள். இந்த ஒரு பிள்ளையாவது கைவிட்டுப் போகாமல் இருக்கட்டும் என்று மனதுக்குள் ஆண்டவரைக் கேட்டுக்கொண்டாள்.

பிறகு தன் விதியைத் தானே மீறி, சௌம்யாவின் கைக்குக் கீழிருந்து மவுஸை மெல்ல வாங்கிக்கொண்டாள்.

"நல்லா பாத்துக்கோ. பக்கத்துல இருக்கற சட்டைய எடுத்து இங்க ஒட்டணும். கட்டம் கட்டத்தோட சேரணும். அவ்ளோதான்."

முதலில் வளையல்கள் போயின. ஒவ்வொன்றாக. அப்புறம் மணிக்கட்டு. அப்புறம் விரல்கள். கடைசி விரலின் நிழல்கூடச் சட்டையில் தெரியாதபடி ரெனிதா பொறுமையாகத் துடைத்தாள்.

"செம மிஸ்! அங்க ஒரு கை இருந்துச்சின்னே தெர்ல!" என்று எட்டிப் பார்த்தான் வினோத்.

ரெனிதாவுக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள்.

"இப்ப எழுத்தப் போடு. பிறந்த நாளா, கல்யாண நாளா?"

சௌம்யா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்பா தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"உயிரோட இருக்கறவங்க கை இதுல இருக்கக் கூடாதுன்னு பெரியப்பா சொன்னாரு மிஸ். நானும் காலைலேர்ந்து பாக்கறேன். என்னால எடுக்க முடியல."

ரெனிதாவின் கை நாற்காலியின் முதுகிலேயே நின்றது.

"வெளி வேல பண்ணக் கூடாதுன்னு தெரியும் மிஸ்," சௌம்யாவின் குரல் இறங்கிவிட்டது. "கடைல குடுத்தா அப்பா மூஞ்சிய கண்டபடி மாத்திடுவாங்க. பெரியப்பா பென் டிரைவோட ஸ்கூல் கேட்டாண்ட நிக்கிறாரு."

மணி அடித்தது. அடுத்த வகுப்புப் பிள்ளைகள் வாசலில் வந்து முட்டினார்கள். "கொஞ்சம் வெளியவே இருங்க, கூப்பிடறேன்" என்று ரெனிதா அவர்களிடம் சொல்லி, வினோத்தையும் மற்றவர்களையும் அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

திரும்பி வந்து, சௌம்யாவின் பக்கத்தில் உட்கார்ந்து, விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அந்தச் சொற்களை இந்தப் பிள்ளை அடிக்க வேண்டாம்.

"அப்பா பேர் சொல்லும்மா."

"பூபாலன்."

அடித்தாள். அதற்குக் கீழே தோற்றம் என்று அடித்தாள். சௌம்யா பிறந்த தேதியைச் சொன்னாள். பிசகில்லாமல், பள்ளிப் படிவத்துக்குச் சொல்வதுபோல.

அதற்குப் பக்கத்தில் மறைவு என்று அடித்துவிட்டு ரெனிதா காத்திருந்தாள். அந்தப் பிள்ளையின் முதுகில் கை வைத்து, மெதுவாகக் கேட்டாள்.

"எப்பம்மா?"

"அந்த எடத்த விட்டுடுங்க மிஸ். நாளைக்குத்தான் ஆஸ்பத்திரில மூச்சு மெஷின எடுக்கறாங்களாம்."