யாராவது வந்தால்

ஃப்ரீசருக்குள் மட்டன் குழம்பு கோபத்தில் கொதித்துக்கொண்டிருந்தது.

"இன்னிக்கும் சாம்பார்தானா? மிளகு வறுத்து, தேங்காய் அரைச்சு என்னை எதுக்கு வச்சா? டப்பா மூடி மேல பனி ஏறிப்போச்சு. மானங்கெட்ட பொழைப்பு!"

தனியாக வசிக்கும் பூங்கோதை, ஞாயிற்றுக்கிழமையே வாரம் முழுவதற்கும் சமைத்து, டப்பா டப்பாவாக உள்ளே அடுக்கிவிடுவாள். தினமும் மட்டன் டப்பாவைத் தொட்டுப் பார்ப்பாள். "யாராவது வந்தா வேணும்" என்று முணுமுணுத்தபடி, சாம்பாரை எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

"கத்தாதே. ஒருநாள் ஆள் வரும்" என்றது பக்கத்திலிருந்த ஐஸ் தட்டு.

வந்தாள், பூங்கோதையின் தோழி ஒருத்தி. பூங்கோதை ஆசையாக ஓடிவந்து மட்டன் டப்பாவை வெளியே எடுத்தாள்.

"ஐயோ, எனக்கு வேண்டாம்டி! இன்னிக்கு சனிக்கிழமை, பெருமாளுக்கு விரதம். நான் கவுச்சி தொடமாட்டேன்."

மட்டன் டப்பா மறுபடியும் உள்ளே வந்தது. இருவருக்கும் சாம்பார் சூடானது.

"பாவம், அவளுக்கு விரதமாம்" என்றது ஐஸ் தட்டு.

"வந்தவளுக்கு சனிக்கிழமை ஒருநாள்தான் விரதம்!" என்று சீறியது குழம்பு. "என்னைச் சமைச்சவளுக்கு தினமும் என்ன விரதம்?"