கோழி இறகு

என் கையால் கொடுத்த காபியை அவர் தயங்காமல் வாங்கிக்கொண்டார். அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியது.

இதற்கு முன் என்னைப் பெண் பார்க்க வந்த ஆறு பேரில் ஒருவர்கூட என் கையிலிருந்து எதையும் வாங்கியதில்லை. "இப்பத்தான் திண்டிவனத்துல குடிச்சுட்டு வர்றோம்" என்பார்கள். ஊர் ஊராகப் போய்த் தொழுநோய் இருக்கிறதா என்று கைகால் பார்ப்பது என் வேலை. எந்தெந்தக் கையைத் தொட்டவளோ என்ற பயம் அவர்களுக்கு. அந்த ஆறு முறையும் கிண்டிய கேசரி எங்கள் வீட்டு மாட்டுக்குத்தான் போனது.

இவர் ராணுவத்தில் கேப்டன், ஹெலிகாப்டர் ஓட்டுகிறவர். பெயர் வேங்கடேசன், செஞ்சிப் பக்கம் வல்லம். போட்டோவில் பார்த்ததைவிடக் கறுப்பு. போட்டோவில் பார்த்ததைவிட நல்ல முகம்.

இப்பேர்ப்பட்ட மாப்பிள்ளைக்கு எங்கே வேண்டுமானாலும் பெண் கிடைக்கும். கிளியனூரில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போடுகிறவர் மகள், அதுவும் இந்த வேலை பார்க்கிற காந்திமதி நான் எதற்கு?

அப்பாவுக்கு வேறு சந்தேகம். "மிலிட்டரில ஏதுய்யா ஹெலிகாப்டரு? அது ஏர்ஃபோர்ஸு ஆச்சே. லாரி ஓட்டிக்கினு கதை வுடறானா?" என்று தரகர் சுப்பராயலுவை நேற்று முழுக்கக் குடைந்தெடுத்தார்.

"அய்ய, போன வருசம் எண்பத்தாறுலதான் மிலிட்டரில அதுக்குன்னு தனியா ஆரம்பிச்சிருக்காங்களாங்க. பொண்ணு என்னா வேலைன்னு அவரே துருவித் துருவிக் கேட்டுக்கினாரு. தெரிஞ்சேதான் வர்றாரு" என்றார் தரகர்.

என் வேலையைத் துருவித் துருவிக் கேட்டாராமே, ஏன்?

காபி நல்ல கொதி. அப்பா டம்ளரைத் துண்டு முனையால் பிடித்திருந்தார். தரகர் கை மாற்றி மாற்றி ஊதிக்கொண்டிருந்தார். கேப்டன் மட்டும் அசையவில்லை. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் விளிம்பில். மோதிர விரலும் சுண்டு விரலும் டம்ளரின் அடிப்பக்கத்தைத் தாங்கிக்கொண்டிருந்தன. நுனி இரண்டும் சிவந்துவிட்டன. அவர் பாட்டுக்கு அப்பாவிடம் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

நான்கு வருடமாக நான் பார்க்கிற விரல்கள் இவை. சூடு தெரியாத விரல்கள். பெரும்பாலும் இந்த இரண்டில்தான் ஆரம்பிக்கும்.

அடப்பாவி, மறைத்துத் தாலி கட்டப் பார்க்கிறாயா? இந்த வேலை பார்க்கிறவள் என்றால் கழுத்தை நீட்டிவிடுவாள் என்று நினைப்பா? நோய்க்காக நான் யாரையும் ஒதுக்கியவளில்லை. மறைக்கிறவர்களைக் கண்டால்தான் பற்றிக்கொண்டு வரும்.

"பொண்ணுகிட்ட ரெண்டு நிமிஷம் தனியா பேசலாங்களா?"

அவரே கேட்டார். அப்பா திகைத்துப்போய், ஆபீசர் ஆயிற்றே என்று தலையாட்டி வைத்தார்.

வீட்டுக்குப் பின்னால் களத்தில் மல்லாட்டை காய்ந்துகொண்டிருந்தது. நான் அவரைப் பேசவே விடவில்லை. கீழே கிடந்த ஒரு கோழி இறகை எடுத்தேன். களப்பணியில் நாங்கள் பயன்படுத்துவதும் இறகுதான்.

"கண்ணை மூடுங்க. தொட்டா சொல்லுங்க."

ஏன் என்று கேட்பார், கோபப்படுவார் என்று பார்த்தேன். சட்டென்று கண்ணை மூடி வலது கையை நீட்டிவிட்டார். அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது.

உள்ளங்கையில் தொட்டேன். "தெரியுதுங்க." மணிக்கட்டில் தொட்டேன். "தெரியுதுங்க." சுண்டு விரல் நுனியில் தொட்டேன். பேச்சில்லை. மோதிர விரல் நுனியிலும் பேச்சில்லை. புடவை ஊக்கைக் கழற்றி லேசாகக் குத்தினேன். ம்ஹூம்.

"எத்தினி நாளா?"

"போன கார்த்திகையிலேர்ந்துங்க." கண்ணைத் திறக்காமலே சொன்னார். "எங்க பெரியப்பாவுக்கும் இதே ரெண்டு விரல்லதான் ஆரம்பிச்சுது. கடைசில விரலே இல்ல. மிலிட்டரி டாக்டர்கிட்ட போனா அன்னிக்கே ஹெலிகாப்டரைத் தொட வுடமாட்டாங்க. அது இல்லன்னா நான் என்னாங்க பண்ணுவேன்? மன்னிச்சுக்குங்க. நான் பொண்ணு பாக்க வரல. உங்ககிட்ட கையைக் காட்டத்தான் வந்தேன்."

ஆக, ஏழாவது ஆள் பெண் பார்க்கவே வரவில்லை.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அவர் இன்னும் கையை நீட்டிக்கொண்டேதான் நின்றார். வந்த வேலையைப் பார்ப்போம் என்று முழங்கை நரம்பைத் தடவினேன். அந்த நோய் என்றால் தடித்திருக்கும்; தடிக்கவில்லை. காது மடல் சுத்தமாக இருந்தது. எங்கேயும் தேமல் இல்லை. மரப்பு முதல் கணுவோடு நின்றிருந்தது. நகம் இரண்டும் கறுத்திருந்தன.

"பனியில இருந்தீங்களா?"

"பனிமலைங்க. அடிபட்ட ஜவான் ஒருத்தரை ஏத்தறப்போ பெல்ட்டை மாட்ட முடியல. கையுறையைக் கழட்டிட்டு மாட்டினேன். ரெண்டு நிமிஷந்தான்."

"அந்த ஆளு?"

"பொழைச்சுக்கினாரு."

"உங்களுக்கு அந்த நோய் இல்லீங்க. இது பனி பண்ண வேலை. உங்க டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லிடுங்க."

"சொல்லிடறேங்க" என்றார். மூடிய கண்ணோரம் நனைந்திருந்தது.

அவ்வளவுதான். இனி கிளம்பிப் போய்விடுவார். ஜாதகம் ஒத்துவரவில்லை என்று தரகர் நாளைக்கு வந்து சொல்வார். கேசரி மாட்டுக்கு.

"டெஸ்ட்டு முடிஞ்சுடுச்சுங்களா? கண்ணைத் தொறக்கலாமா?"

இறகு எப்போதோ கீழே விழுந்திருந்தது. அந்த இரண்டு விரல் நுனிகளையும் நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். அவருக்குத் தெரியவில்லை.

"இன்னும் இல்லீங்க" என்றேன்.